ஊர் திரும்பும் விமானிகளே... ஒரு நிமிடம்!

2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றபோது, வேலையிழந்த விமானிகள் சிலர் வளைகுடாவுக்குப் பறந்தார்கள். 2023-ல் நிலைமை மாறியது. ஏர் இந்தியா 470, இண்டிகோ 500 என விமானங்களுக்கு ஆர்டர் குவித்தன. 'ஊருக்கே போயிடலாமா?' என்று யோசிப்பவர்கள், ராஜினாமா கடிதம் எழுதும் முன் இவற்றைப் பாருங்கள்.

லைசென்ஸ்: வெளிநாட்டு லைசென்ஸ் மட்டும் போதாது. டி.ஜி.சி.ஏ. லைசென்ஸும் மருத்துவத் தகுதியும் நடப்பில் இருக்க வேண்டும்.

சீனியாரிட்டி: அங்கே சேர்த்தது இங்கே கூட வராது. கேப்டனுக்கு அதே இருக்கை கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஏர்பஸ் மட்டுமே ஓட்டியவர் போயிங்குக்கு மாறினால், தனி டைப் ரேட்டிங் தேவை.

சம்பளம்: துபாயில் வருமான வரி இல்லை. இங்கே உச்ச வரி 30 சதவிகிதம். கைக்கு வருவதை ஒப்பிடுங்கள்.

பேஸ்: சென்னையில் பெற்றோருடன் இருக்க வந்தவருக்கு டெல்லி பேஸ் கிடைத்தால்? எந்த ஊர் என்பதை ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

காரணம் இருக்கிறது. 2017-ல் டி.ஜி.சி.ஏ. கொண்டுவந்த விதிப்படி, வேலையை விட கேப்டன் ஓராண்டும், கோ-பைலட் ஆறு மாதமும் நோட்டீஸ் தர வேண்டும். பிடிக்கவில்லை என்று மறுநாளே பெட்டி கட்ட முடியாது!