ஆமைக்கு கெஜட் படிக்கத் தெரியாது

அந்தமான் டூர் போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நீலக் கடல், வெள்ளை மணல், பவளப்பாறை என்று மணிக்கணக்கில் சொல்வார்கள். அவர்களில் அநேகமாக யாருமே போகாத தீவு ஒன்று தென்கோடியில் இருக்கிறது. கிரேட் நிகோபார். நம் ராஜேந்திர சோழனின் கல்வெட்டில் 'மாநக்கவாரம்' என்று வருவது நிகோபார்தான்.

அங்கே கலத்தியா விரிகுடா. உலகின் மிகப் பெரிய கடலாமையான லெதர்பேக், தன் பாரமான உடம்பை இழுத்துக்கொண்டு ராத்திரியில் கரையேறி முட்டையிடும் இடம். லிட்டில் அந்தமானில் சாட்டிலைட் கருவி பொருத்தி அனுப்பிய இதே இனத்து ஆமைகள் ஒரு பக்கம் ஆஸ்திரேலியா, இன்னொரு பக்கம் ஆப்பிரிக்கா வரை நீந்தியிருக்கின்றன.

அதே கரையோரக் காட்டில் மெகபோட் என்று ஒரு பறவை. கோழி சைஸ். அடைகாக்காது. மணலும் சருகும் குவித்து மேடு கட்டி, உள்ளே முட்டையைப் புதைக்கும். சருகு மக்கும் சூட்டில் குஞ்சு பொரியும். நிகோபார் தீவுகளைத் தவிர இந்த இனம் உலகில் வேறெங்கும் கிடையாது.

1997 முதல் சரணாலயமாக இருந்த இந்த விரிகுடாவிடமிருந்து 2021 ஜனவரியில் அந்த அந்தஸ்தைப் பிடுங்கினார்கள். 2022 நவம்பரில் துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், டவுன்ஷிப் எல்லாவற்றுக்கும் சேர்த்து அனுமதி. சுமார் 130 சதுர கி.மீ. காடு போகும். அரசே சொன்ன கணக்கில் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். ஈடாக எங்கே மரம் நடுவார்கள் தெரியுமா? ஹரியானாவில்! மெகபோட் ரயில் ஏறிப் போய் முட்டையிடுமா?

ஆமைக்கு லிட்டில் நிகோபாரில் வேறு சரணாலயமாம். நல்லது. ஆனால், 'உன் விலாசம் மாற்றப்பட்டது' என்று ஆமைக்கு யார் சொல்வது? அதற்கு கெஜட் படிக்கத் தெரியாதே.

'தேசப் பாதுகாப்பு சார், மலாக்கா ஜலசந்தி பக்கத்திலேயே இருக்கிறது' என்பீர்கள். நியாயம். அதற்காகத்தான் 2012-லேயே கேம்ப்பெல் பேயில் கடற்படையின் விமானத் தளம் வந்தது. போதாதென்றால் பெரிதாக்குங்கள். சுமார் 8,000 பேர் வாழும் தீவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் குடியேற்றுவதும், டூரிஸ்ட்டுகளுக்கு ரிசார்ட் கட்டுவதும் எந்தப் பாதுகாப்பில் சேர்த்தி?

2004 சுனாமியில் இந்தத் தீவின் தென்முனை நாலு மீட்டருக்கு மேல் கடலில் இறங்கியது. இந்திரா முனை கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் போனது. அந்த மண்ணில்தான் புது நகரம்.

மனிதர்கள்? 2011 சென்சஸில் ஷோம்பென் பழங்குடிகள் வெறும் 229 பேர். வெளியாட்களிடமிருந்து ஒதுங்கிக் காட்டுக்குள் வாழ்பவர்கள். அவர்கள் சம்மதத்தை யார், எந்த பாஷையில் கேட்டார்கள்? சுனாமியில் ஊரை இழந்த நிகோபாரிகள் சொந்த ஊருக்குத் திரும்ப விடுங்கள் என்கிறார்கள். முதலில் தந்த ஒப்புதலை அவர்களது பழங்குடி கவுன்சில் 2022-லேயே வாபஸ் வாங்கிவிட்டது.

அடுத்த முறை யாராவது, 'அப்போ வளர்ச்சியே வேண்டாமா?' என்று உங்களை மடக்கினால், பதிலுக்கு ஒன்றே ஒன்று கேளுங்கள். துறைமுகத்தை இன்னொரு இடத்திலும் கட்டலாம். கலத்தியாவை எங்கே கட்டுவீர்கள்?