அபாயம் எங்கே இருக்கிறது?

உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவருக்குச் 'சிரோசிஸ்', அதாவது ஈரல் சுருங்கி இறுகிப் போகும் நோய், முற்றியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உறைவதைக் கணக்கிடும் ஐ.என்.ஆர். சோதனையில் எண் ஏறியிருக்கிறது. "ஐயோ, ரத்தம் கொட்டிவிடுமோ?" என்று வீடே கலங்குகிறது.

பயம் நியாயந்தான். ஆனால் அந்த எண் ஜோசியம் சொல்லாது! ரத்தத்தை உறைய வைக்கும் பொருள்களில் பெரும்பாலானவற்றைத் தயாரிப்பது ஈரல். மிதமிஞ்சி உறையாமல் தடுக்கும் பொருள்களைத் தயாரிப்பதும் அதுவே. நோயில் இரண்டும் குறைகின்றன. சோதனையோ தராசின் ஒரு தட்டைத்தான் பார்க்கிறது.

அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. குடலிலிருந்து வரும் ரத்தம், இறுகிய ஈரலுக்குள் எளிதில் நுழைய முடியாமல், உணவுக் குழாயின் அடியிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்களில் பாய்கிறது. அவை புடைக்கின்றன. ஈரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் சாதாரணமாக 5 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 12-ஐத் தாண்டினால் புடைப்பு வெடிக்கலாம்.

எண்டாஸ்கோப்பில் பார்க்கும் டாக்டர் மூன்றை யோசிக்கிறார்: புடைப்பு பெரிதா? அதன்மேல் சிவப்புக் கோடுகள் உண்டா? ஈரல் எவ்வளவு நலிந்திருக்கிறது? மூன்றும் சேர்ந்தால் ஆபத்து அதிகம்.

முன்பே தெரிந்தால் வழியுண்டு. நோயாளியின் நிலைமைக்கு ஏற்றபடி, அழுத்தத்தைக் குறைக்கும் கார்வெடிலால் போன்ற மாத்திரை கொடுப்பார்கள். அல்லது புடைப்பை ரப்பர் வளையத்தால் கட்டிவிடுவார்கள்.

ஆகவே, "எண்டாஸ்கோப் பார்க்க வேண்டுமா?" என்று டாக்டரைக் கேளுங்கள். மலம் தார் போல் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திராதீர்கள். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்!