ஓசி லேப்டாப்பும் ஒரு பிடி தூசியும்

காக்களூர்னு சொன்னா பாதிப் பேரு "அது எங்கய்யா இருக்கு?"ம்பீங்க. திருவள்ளூரை ஒட்டி சிட்கோ தொழிற்பேட்டை இருக்கிற ஊரு. அரசாங்கம் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கிற திட்டத்தை 2011 செப்டம்பர் 15-ல ஜெயலலிதா தொடங்கி வச்சது இங்கதான். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டமும் அதே நாள்தான். லேப்டாப்புக்குள்ளயும் ஒரு ஃபேன் இருக்குங்கிறதை மட்டும் யாரும் சொல்லித் தரலை :-)

அங்க லேத் பட்டறை வச்சிருக்கிற ஒரு அண்ணன் போன மாசம் கூப்பிட்டார். மூத்த பொண்ணுக்கு பள்ளிக்கூடத்துல கிடைச்ச லேப்டாப், இப்ப பையன்கிட்ட இருக்கு. அடுப்பு மாதிரி கொதிக்குது, மாட்டு வண்டி வேகத்துல ஓடுது. "ஓசியில குடுத்தா இப்படித்தான் தம்பி"ன்னு அலுத்துக்கிட்டே, பட்டறை ஏர் கன்னை எடுத்து ஓட்டையில வச்சு அடிச்சுட்டார். ஃபேன் கீய்ய்னு கத்திச்சு. அதோட சரி, அப்புறம் சுத்தவே இல்லை.

லேப்டாப் மேல தப்பே இல்லைங்க. சூடு 100 டிகிரியை நெருங்கினா ப்ராசஸர் தன்னைக் காப்பாத்திக்க தானே வேகத்தைக் குறைச்சுக்கும். திறந்து பார்த்தா, ஃபேனுக்கும் செம்பு, அலுமினியத் தகடுகளுக்கும் நடுவுல தூசி கம்பளி மாதிரி படிஞ்சிருந்தது. வெளியிலிருந்து ஊதினா அது உள்ளதான் போகும்.

பட்டறைக் காத்து இன்னும் மோசம். கார் டயர்ல இருக்கிறது 2 பார் சொச்சம். கம்ப்ரசர்ல வர்றது 6, 7 பார். கூடவே தண்ணியும் எண்ணெயும் வரும். ஃபேன் கண்டமேனிக்கு சுத்தினா பேரிங் போகும், டைனமோ மாதிரி மின்சாரம் உண்டாகி போர்டும் போகலாம். பட்டறையில பறக்கிற இரும்புத்தூள் வேற, போர்டுல விழுந்தா ஷார்ட்.

சரியான வழி ரொம்ப சிம்பிள். ஸ்லீப்ல போடாம முழுசா ஆஃப் பண்ணணும், சார்ஜரைப் பிடுங்கணும். பேட்டரி கழட்ட வந்தா கழட்டிடணும், உள்ளேயே இருந்தா அடிமூடியைத் திறந்ததும் முதல் வேலையா அதோட கனெக்டரை எடுத்துவிடணும். ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இருக்காது, எது எங்கங்கிற வரிசை மாறக்கூடாது. ஃபேன் சுத்தாம ஒரு பல்குச்சியால பிடிச்சுக்கிட்டு, காய்ஞ்ச மெல்லிய பிரஷ்ஷால தட்டிவிட்டு, அந்தக் கம்பளியை இடுக்கியால உரிச்சு எடுத்தா போதும். வாயால ஊதினா எச்சில் தெறிக்கும், வாக்குவம் கிளீனர் வச்சா ஸ்டாட்டிக் மின்சாரம் வரும். ரெண்டும் வேண்டாம். திறக்கப் பயமா இருந்தா தெரிஞ்ச கடையில கொடுங்க, தப்பே இல்லை.

அண்ணன் லேப்டாப்புக்கு வேற ஃபேன் வாங்கி மாட்டினோம். இப்ப ஜம்முனு ஓடுது. பையன் ப்ராஜெக்ட் வேலை பார்க்கிறான்.

என் ஆதங்கம் இதுதான். 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு 2025 பட்ஜெட்ல அறிவிச்சாங்க. சந்தோஷம். லேப்டாப்போட இதையெல்லாம் தமிழ்ல அச்சடிச்சு ஒரே ஒரு தாள் வச்சுக் கொடுங்கய்யா. ஒரு வீட்டுக்கே அது ஒண்ணுதான் கம்ப்யூட்டர். தூசியால நின்னு போன லேப்டாப்பைக் காட்டி "ஓசி சாமான்"னு சொல்லும்போது, வாங்கின புள்ளைக்குத்தான் வலிக்குது.

சரி மக்கா, படிச்சு முடிச்சதும் உங்க பொட்டியை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. ஆஃப் பண்ணிட்டு!