காலிறுதியில் தோற்றவருக்கு வெண்கலம் எப்படி? 60 கிலோ ஜூடோவை ஓசூர் பையன்கள் ஏன் கவனிக்கணும்?

கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிகள் 2026 ஜூலை 23-ல் தொடங்குது. லிஸ்ட்டைப் பார்த்தா இந்திய ரசிகர்களுக்கு பக்குனு இருக்கும். மல்யுத்தம், ஹாக்கி, பேட்மிண்டன், டேபிள் டென்னிஸ், ஸ்குவாஷ், கிரிக்கெட் எதுவுமே இல்லை. 2022 பர்மிங்காமில் இந்தியா வென்ற 61 பதக்கங்களில் 30 இந்த ஆறு விளையாட்டுகளில் வந்தவை. இந்த முறை மொத்தமே 10 விளையாட்டுகள்தான். அதில் ஆளோடு ஆள் மோதுறது பாக்ஸிங், அப்புறம் ஜூடோ.

ஜூடோவில் நமக்கு என்ன இருக்குனு கேக்குறீங்களா? பர்மிங்காமில் 3 பதக்கம். சுசீலா தேவிக்கும் துலிகா மானுக்கும் வெள்ளி. ஆண்கள் 60 கிலோவில் வாரணாசியைச் சேர்ந்த விஜய் குமார் யாதவுக்கு வெண்கலம். அதே 60 கிலோவில்தான் 2014-ல் நவ்ஜோத் சானா வெள்ளி வாங்கினார்.

தோத்த பிறகும் மெடலா?

2022 ஆகஸ்ட் 1. விஜய் முதல் சுற்றில் மொரிஷியஸ் வீரரை ஜெயிச்சார். காலிறுதியில் ஆஸ்திரேலியாவின் ஜோஷுவா காட்ஸிடம் தோத்தார். கபடி, ஃபுட்பால் பார்த்துப் பழகின நமக்கு அதோட ஆட்டம் முடிஞ்சது. ஜூடோவில் முடியாது. காலிறுதியில் தோற்ற நாலு பேருக்கும் ‘ரெப்பசாஜ்’னு இன்னொரு சான்ஸ் உண்டு. அதில் ஜெயிச்சா, அரையிறுதியில் தோத்தவரோட வெண்கலத்துக்கு மோதலாம். அதனால்தான் ஒவ்வொரு எடைப் பிரிவிலும் ரெண்டு வெண்கலம். விஜய் ரெப்பசாஜில் ஸ்காட்லாந்து வீரரைத் தாண்டி, சைப்ரஸின் பெட்ரோஸ் கிறிஸ்டோடூலிடஸை 58 நொடியில் முடிச்சார்.

58 நொடியா? ஆமா. ஆட்டம் 4 நிமிஷம்னாலும், எதிராளியை வேகமா, பலமா, முதுகு முழுசும் தரையில் படுற மாதிரி வீசினா ‘இப்போன்’, அந்த நொடியே வெற்றி. 20 நொடி அசையவிடாம அமுக்கிப் பிடிச்சாலும் இப்போன்தான். கொஞ்சம் குறைவா வீசினா ‘வாசாரி’. ரெண்டு வாசாரி ஒரு இப்போனுக்குச் சமம். மூணு எச்சரிக்கை வாங்கினா அவுட். டீ ஆத்துற நேரத்துல எல்லாம் மாறிடும், கண்ணை எடுக்காதீங்க.

எடை விஷயத்திலும் ஒரு நுணுக்கம். பாரிஸில் வினேஷ் போகத் இரண்டாம் நாள் காலையில் 100 கிராம் கூடியதால் வெளியேற்றப்பட்டது ஞாபகம் இருக்கும். ஜூடோவில் எடை பார்க்கிறது போட்டிக்கு முந்தைய நாள். மறுநாள் காலை சிலரை மட்டும் திடீர்னு சோதிப்பாங்க. அப்போ 5 சதவீதம் வரை கூட இருக்கலாம். 60 கிலோக்காரர் 63 வரை போகலாம்.

பாரிஸ் பாராலிம்பிக்ஸையும் சொல்லணும். 2024 செப்டம்பர் 5-ல் பார்வைக் குறைபாடுள்ளோருக்கான 60 கிலோ பிரிவில் மத்தியப் பிரதேசத்தின் கபில் பர்மார் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக்ஸ் ஜூடோவில் இந்தியாவுக்கு முதல் பதக்கம். சின்ன வயசில் தண்ணி பம்பில் கரண்ட் ஷாக் அடிச்சவர், டீக்கடை வெச்சிருந்தவர். எதிராளியை 33 நொடியில் முடிச்சார்.

சரி, இதுக்கும் ஓசூருக்கும் என்ன?

2014, 2022 ரெண்டிலும் ஜூடோ பதக்கப் பட்டியலில் தமிழ்நாட்டுப் பெயரே இல்லை. உத்தரப் பிரதேசம், பஞ்சாப், மணிப்பூர், டெல்லினுதான் வருது. நம்மகிட்ட ஆள் இல்லாமலா? சிப்காட் பஸ்ஸில் ஏறுற பையன்களையும், கிருஷ்ணகிரி பக்கம் பள்ளி மைதானத்தில் ஓடுற பசங்களையும் பாருங்க. உயரம் போதலைன்னு வாலிபாலில் ஒதுக்குற உடம்புக்கு, 60 கிலோ கச்சிதமான இடம்.

பரிசும் சின்னது இல்லை. பர்மிங்காமில் பதக்கம் வென்ற தமிழக வீரர்களுக்கு அரசு தந்தது: தங்கத்துக்கு 50 லட்சம், வெள்ளிக்கு 30, வெண்கலத்துக்கு 20.

ஆனா மேட் மட்டும் வாங்கிப் போட்டா வேலை முடியாது. ஜூடோவில் முதல் பாடமே அடிபடாம விழக் கத்துக்கிறது, அதுக்கு கோச் வேணும். அதைவிடக் கஷ்டமானது தினமும் மோத, அதே எடையில் நாலஞ்சு பேர் கிடைக்கிறது. வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுற ஊரில் அவங்களை ஒரே நேரத்துக்குக் கூட்டணும். 2030 காமன்வெல்த் அகமதாபாத்தில் நடக்குது. இப்போ 14 வயசுப் பையனுக்கு அப்போ 18.