மேற்கண்ட யாவும் உண்மை

என் அக்காவைக் கட்டிக் கொடுத்திருப்பது கீழவைப்பாரில். தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் சேருகிற இடத்துக்குப் பக்கத்து ஊர். போன மாதம் போயிருந்தேன். நண்டுக் குழம்பை ஒரு கை பார்த்துவிட்டுத் திண்ணையில் காலை நீட்டுகிற நேரமாகப் பார்த்து, அக்கா மகன் ஒரு பிளாஸ்டிக் ஃபைலோடு வந்து நின்றான். பி.காம். முடித்து ஒரு வருஷம். தூத்துக்குடி ஷிப்பிங் ஆபீஸ்களுக்கு இதுவரை நாற்பது ரெஸ்யூம் அனுப்பியிருக்கிறான். ஒரு பதில்கூட இல்லை.

"நீங்கதான் பத்திரிகையில எல்லாம் எழுதுறீங்களே மாமா. கொஞ்சம் பாருங்க."

பார்த்தேன். மூன்று பக்கம். ஆரம்பத்திலேயே 'லட்சியம்'. சவால் நிறைந்த ஒரு நிறுவனத்தில் தன் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தோடு சேர்ந்து தானும் வளர்வதாம். இந்த வாக்கியத்தை முதன்முதலில் எழுதிய மகான் யாரென்று தெரியாது. சிஷ்யர்கள் மட்டும் தெருவுக்கு நாலு பேர். அடுத்து 'பலங்கள்': கடின உழைப்பு, நேர்மை, குழு மனப்பான்மை. அப்புறம் அப்பா பெயர், மதம், திருமணம் ஆகவில்லை, பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது. கடைசியில், 'மேற்கண்ட யாவும் உண்மை' என்று ஓர் உறுதிமொழி.

"ஏதுலே இது?"

"பிரெண்டுகிட்ட வாங்கி, பேரை மட்டும் மாத்துனேன் மாமா."

அவனைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் பி.காம்.தான். என் முதல் இன்டர்வியூவுக்கு இப்படித்தான் நண்பனுடையதைக் காப்பியடித்துக்கொண்டு போனேன். எதிரே இருந்தவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, "உங்க அப்பா பேரு என்ன தம்பி?" என்றார். சொன்னேன். "இதுல வேற யாரோ இருக்காரே?" என்றார். அதற்குக் கீழேதான் மேற்கண்ட யாவும் உண்மை என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் 'போகலாம்' என்று சொல்கிற சிரமத்தை நான் கொடுக்கவில்லை.

"சரி, இந்த ஒரு வருஷமா என்னலே பண்றே?"

"சும்மாதான் மாமா இருக்கேன்."

அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "சும்மாவா? சங்குகுளி வள்ளத்துக் கணக்கை உங்க மாமாவா வந்து எழுதுறாரு?"

கிண்டிக் கிண்டிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. நாலு வருஷமாக அவன்தான் கணக்கு. எடுத்து வந்த சங்கை அளவு வாரியாகப் பிரித்து எண்ண வேண்டும். வியாபாரி போடுகிற விலையைச் சரிபார்க்க வேண்டும். டீசல், சாப்பாட்டுச் செலவு கழித்துப் பங்கு பிரிக்க வேண்டும். ஒரு நாள்கூடப் பங்கில் தகராறு வந்ததில்லை. அத்தனையையும் எக்ஸெல்லில் வேறு ஏற்றி வைத்திருக்கிறான்!

"இதை ஏம்லே எழுதலே?"

தலையைக் குனிந்துகொண்டான். "கடலுக்குப் போறவன் மவன்னு மட்டமா நெனச்சிருவாங்கல்ல மாமா."

வாசலில் அத்தான், தண்ணீருக்குள் போடுகிற கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும். நிமிரவில்லை.

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"மருமகனே, இந்தக் கரையில முத்துக்குளிப்பு 1961-ஓட நின்னுபோச்சு. அப்போ சிப்பியைத் திறக்காமலே ஆயிரம் ஆயிரமா ஏலம் விடுவாங்க. உள்ளே முத்து இருக்கான்னு வாங்குறவனுக்குத் தெரியாது. அதனால முன்கூட்டியே கொஞ்சம் சிப்பியை எடுத்துத் திறந்து பார்த்து, என்ன தேறும்னு மதிப்புப் போட்டுச் சொல்லுவாங்க. ரெஸ்யூம்ங்கிறது அந்த மாதிரிச் சிப்பி. 'உள்ளே நல்ல முத்து'ன்னு மேலே எழுதி ஒட்டினா எவனும் நம்ப மாட்டான். திறந்து காட்டணும்."

அதற்காக இருப்பதை எல்லாம் கொட்டவும் கூடாது. லியனார்டோ டாவின்சி 1480களில் மிலான் நகரத்து அதிபருக்கு வேலை கேட்டு எழுதிய கடிதம் பிரசித்தம். பாலம் கட்டுவேன், பீரங்கி செய்வேன் என்று யுத்த சமாசாரமாகவே அடுக்கிக்கொண்டு போய், கடைசியில்தான் படமும் வரைவேன் என்கிறார். அதிபருக்கு என்ன தேவையோ அது முதலில். டாவின்சியே படத்தைக் கடைசியில் வைத்தபோது, நாம் பாட்டுக் கேட்பதை எங்கே வைப்பது?

ராத்திரி உட்கார்ந்து மூன்று பக்கத்தை ஒரு பக்கம் ஆக்கினோம். லட்சியம், மதம், பாட்டு எல்லாம் போயின. 'நேர்மை' என்ற வார்த்தையும் போயிற்று. அந்த இடத்தில், 'நாலு வருஷம், எட்டுப் பேருக்குப் பங்குக் கணக்கு, தகராறு இல்லை' என்று வந்தது. படிப்பில் கடைசியாக முடித்தது முதலில். விளம்பரத்தில் டேலி, இன்வாய்ஸ் என்று கேட்டிருந்தால், தெரிந்த வரைக்கும் அதே வார்த்தைகளில் எழுதச் சொன்னேன். இப்போதெல்லாம் பல கம்பெனிகளில் மனுஷன் பார்க்கும் முன்னால் கம்ப்யூட்டர்தான் சலிக்கிறது. அதற்கு வார்த்தைதான் தெரியும், முகம் தெரியாது.

முடித்ததும் அவன் சத்தமாக வாசித்தான். இருட்டிலிருந்து அத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார்.

"எட்டு இல்ல. ஒம்பது."

"வள்ளத்துல நின்னு கயிறு பிடிக்கிற தாத்தாவுக்கு அரைப் பங்குதானேப்பா?"

"அரைப் பங்கும் பங்குதாம்லே."

ஒன்பது என்று திருத்தினோம். உறுதிமொழியை மட்டும் எடுக்க மனசு வரவில்லை. இந்தத் தடவை அது பொய் இல்லையே!

போன வாரம் போன் வந்தது. இன்டர்வியூவில் முதல் கேள்வியே அந்த அரைப் பங்கை எப்படிப் பிரிப்பாய் என்பதுதானாம். பேப்பரில் போட்டுக் காட்டியிருக்கிறான். திங்கள்கிழமை வேலையில் சேருகிறான்.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அக்கா போனை வாங்கினாள். ஊரில் ஐந்து பையன்கள் அவன் ரெஸ்யூமை வாங்கி, பேரை மட்டும் மாற்றி, அதே ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார்களாம். ஐந்து பேரும் ஒன்பது பேருக்குச் சங்குப் பங்கு பிரித்திருக்கிறார்கள்.

அதில் ஒருவனுடைய அப்பா டீக்கடை வைத்திருக்கிறார்.