மூணு மணின்னா ஒன்பது மணி!

லீவுல வெளிநாட்டுக்குப் போய் வாலன்டியர் பண்ணலாம்னு நினைக்கிறீங்களா? பாஸ்போர்ட், விசா, தடுப்பூசி எல்லாம் ரெடி பண்ணுவீங்க. அந்த ஊர் மொழி? "இங்கிலீஷ் இருக்கே மச்சி, சமாளிச்சுக்கலாம்!" நானும் அப்படிச் சொல்லிட்டுத்தான் தான்சானியாவுக்குப் போனேன்.

ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை. சுவாஹிலியில் பத்து வரை எண்ணத் தெரியும், அதிலேயே எனக்குப் பெருமை. சனிக்கிழமை சிறப்பு வகுப்பு "ஸா டாட்டு" என்றார் ஆசிரியர். டாட்டு என்றால் மூன்று. மதியம் மூணு மணிக்குப் போய் நின்றேன். காலையிலேயே வந்த பிள்ளைகள் காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தார்கள். ஆசிரியர் மட்டும் இருந்தார்.

அங்கே மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து நாடு, வருஷம் முழுக்கக் காலை 6 மணியை ஒட்டியே விடியும். நம்ம 7 மணி அவர்களுக்கு ஒன்று, 9 மணி மூன்று. சிரிக்காதீங்க, சூரிய உதயத்திலிருந்து நாழிகை எண்ணியவர்கள்தான் நம்ம முன்னோரும்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் "போலே" என்றார். நீங்க தடுக்கி விழுந்தாலும், சுமை தூக்கிட்டு வந்தாலும், காய்ச்சலில் படுத்தாலும் அங்கே "போலே" சொல்வார்கள். நம்ம "ஸாரி" மாதிரி தப்பை ஒத்துக்கொள்வது மட்டும் இல்லை அது. "உன் கஷ்டம் எனக்குப் புரியுது" என்று அர்த்தம். காக்க வைத்தவன் நான், வெயில்ல நடந்து வந்தேனே என்று ஆறுதல் சொன்னவர் அவர்.

அடுத்த வாரம் பிள்ளைகளை எனக்கு டீச்சர் ஆக்கினேன். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" சொல்லணும், பதிலுக்கு அவர்கள் "மரஹாபா" என்பார்கள். சப்பாத்திக்கு அங்கேயும் சப்பாத்திதான், லட்சத்துக்கு "லாக்கி". எப்போதோ கடல் தாண்டிப் போன நம்ம நாட்டு வார்த்தைகள்! என் உச்சரிப்பைக் கேட்டு வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகுதான் அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஏன் தெரியுமா? அங்கே அரசுத் தொடக்கப் பள்ளியில் பாடம் சுவாஹிலியில், அதற்கு மேல் படிப்பு இங்கிலீஷில். தமிழ் மீடியத்திலிருந்து வந்து, ஃபர்ஸ்ட் செமஸ்டர் முழுக்கக் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்த நண்பன் நம்ம எல்லோருக்கும் உண்டு. அவனுக்குப் பதில் தெரியாமல் இல்லை, தப்பாகப் பேசிடுவோமோ என்ற பயம். வாத்தியாரே தடுமாறுவதைப் பார்த்தால் அந்தப் பயம் பாதி போய்விடும்.

ஆறு வாரத்தில் நாம கொடுப்பது ரொம்பக் கொஞ்சம். சர்டிஃபிகேட்டும் இன்ஸ்டா போட்டோவும் நமக்குத்தான். கற்றுக்கொள்ளத் தயாராக இல்லாதவன் கற்றுக்கொடுக்கப் போவதில் நியாயம் இல்லை என்பது என் கருத்து. சென்னை ஐஐடி 2023இல் சான்சிபாரில் வளாகமே திறந்துவிட்டது. இனி நம்ம பசங்க அந்தப் பக்கம் போவது அதிகமாகலாம். போகிறவர்கள் டிக்கெட் போடும்போதே ஐம்பது வார்த்தை கத்துக்கோங்க. மீதியை அங்கே இருக்கிற குழந்தைகள் பார்த்துக்கொள்வார்கள்.

முக்கியமா, மணி கேட்கக் கத்துக்கோங்க. உங்களுக்காகக் காலையிலிருந்து யாராவது காத்திருக்கலாம்.