பழசு என்றால் ஹேங் ஆகத்தான் செய்யுமா?

"பழைய கம்ப்யூட்டர்தானே, அப்படித்தான் ஹேங் ஆகும், தூக்கிப் போடு!" இந்த ஒற்றை வரியைச் சொல்லியே எத்தனை நல்ல மெஷின்களைக் காயலான் கடைக்கு அனுப்பியிருக்கிறார்கள்!

பி.பி.சி. மைக்ரோ ஞாபகம் இருக்கிறதா? இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி 1981 டிசம்பரில் வெளியிட்டது. 1984-85-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்குள் வந்ததும் இதுதான். மாடல் பி-யில் வெறும் 32 கேபி மெமரி, 2 மெகாஹெர்ட்ஸ் வேகம். இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் நம்மூர்ப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் பேசிக் எழுதியது இதில்தான்.

இந்த மெஷினைச் சும்மா வைத்திருந்தால் ஓடும். ராம் போர்டு, டிஸ்க் டிரைவ் என்று சேர்த்ததும்தான் தகராறு. உடனே இரண்டு கோஷ்டி கிளம்பும். ஒன்று "தூக்கிப் போடு" கோஷ்டி. இன்னொன்று சால்டரிங் அயர்னோடு வந்து கண்ணில் படுகிற சிப்பை எல்லாம் மாற்றும் கோஷ்டி. இரண்டாவதுதான் அதிக ஆபத்து! நல்ல போர்டின் காப்பர் கோடுகளைப் பிய்த்துவிட்டு, "பழசு சார்" என்று கையைக் கழுவிவிடுவார்கள்.

முதலில் மல்டிமீட்டரை எடுக்க வேண்டாமா? இந்தச் சிப்புகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வேண்டும். அதை பவர் சப்ளையில் அளந்தால் போதாது, போர்டில் அளக்க வேண்டும். சப்ளையிலிருந்து வரும் வயர்கள் போர்டில் ஸ்பேடு கிளிப் மூலமாகத்தான் மாட்டியிருக்கின்றன. அதில் துரு ஏறி 0.1 ஓம் தடை வந்தால், 3 ஆம்பியர் ஓடும்போது 0.3 வோல்ட் காணாமல் போகும். 5 வோல்ட் 4.7 ஆகிவிடும். கூடுதல் போர்டு மாட்டினால் கரண்ட் இன்னும் கூடும், வோல்ட் இன்னும் இறங்கும். ஹேங் ஆகாமல் என்ன செய்யும்?

அடுத்து சாக்கெட். பல சிப்புகளும் ராம் போர்டும் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன. சூடாகி, ஆறி, மறுபடி சூடாகிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழும்பிவிடும். பவரை அணைத்து, சிப்பை எடுத்து, காலை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து அழுத்தி உட்காரவைத்தாலே பாதி வியாதி போய்விடும். சப்ளைக்குள் இருக்கும் பழைய ரிஃபா கப்பாசிட்டர் வெடித்துப் புகை வந்தாலும் மெஷின் செத்துவிட்டதாக அர்த்தமில்லை. அதே 'எக்ஸ்2' ரகத்தில் புதுசு போட்டால் போதும். அங்கே மெயின்ஸ் கரண்ட் இருப்பதால், தெரிந்தவர் மட்டுமே கை வைக்க வேண்டும்.

இராஜபாளையத்து மில்லில் ரிங் ஃபிரேமில் நூல் அறுந்துகொண்டே இருந்தால் ஃபிட்டர் என்ன செய்வார்? மெஷினையா எடைக்குப் போடுவார்? டிராவலர் தேய்ந்திருக்கிறதா, ஸ்பிண்டில் ஆடுகிறதா, ஷெட்டில் ஈரப்பதம் சரியா என்று வரிசையாகப் பார்ப்பார். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அவர் செய்கிற அந்த வேலையை, இன்ஜினியரிங் படித்தவர்கள் ஒரு கம்ப்யூட்டருக்குச் செய்ய மாட்டேன் என்பது சோம்பேறித்தனம்தானே?

காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வயதின் மேல் பழி போடுகிறவருக்கு, நாளைக்குப் புது மெஷின் ஹேங் ஆனாலும் பதில் தெரியாது. எங்கேயாவது ஒரு பள்ளி ஸ்டோர் ரூமில் பி.பி.சி. மைக்ரோ ஒன்று தூசியில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோங்கள் மக்களே. அதற்கு அவ்வளவு மரியாதை கூடவா கிடையாது?